தலைமாட்டில் ஒரு வலை

எங்கள் வீட்டுச் சிலந்திகளை நான் கொன்றது போன வருடம், மழைக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை. பதினேழாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டாம் நாள் அவள் இல்லை.

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நிரூபிக்க முடியாது என்று சொல்லியிருப்பேன். விலங்கியல் படித்தவன். எது நிரூபணம், எது இல்லை என்று தெரியும்.

எனக்குக் கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைத் தேடுவேன். தெருவில் எனக்குப் பெயர் கொசு சார். "கொசு சார் வந்துட்டாரு, வாளியக் கவுத்துங்க" என்று ஒரு வீட்டில் கத்தினால் பத்து வீட்டு வாளிகள் கவிழும். மதியம் ஆய்வுக்கூடம். காலையில் பிடித்து வந்த புழுக்களை வலை கட்டிய ஜாடிகளில் வளர்த்து, கொசுவானதும் மருந்து தடவிய குழாய்க்குள் ஒரு மணி நேரம் விட்டு வைப்போம். மறுநாள் எத்தனை செத்தது என்று எண்ணுவோம். இதற்குப் பெண் கொசுதான் வேண்டும். ஆண் கடிக்காது, யாருக்கும் நோய் தராது. மீசை புசுபுசுவென்று இருப்பதை வைத்து ஆணைப் பிரித்து, கொன்று கொட்டிவிடுவோம்.

போன வருடச் சோதனையில் நூறு கொசுவில் இருபத்தொன்பதுதான் செத்தது. மீதி எழுபத்தொன்றும் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்க் கொசு அந்த மருந்துக்கு மசியவில்லை. அறிக்கை எழுதியது நான். புது மருந்து வரும்வரை இருப்பதை அடித்துத் தீர்த்துவிடுங்கள் என்று மேலிருந்து பதில் வந்தது.

அந்த மருந்தில்தான் ஒரு கேனின் அடியில் கிடந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொசுவுக்காக அல்ல. கொசு சாகாது என்று எழுதியவனே நான்தான். சிலந்திக்காக. மறுநாள் மாமா வருவதாக இருந்தது.

மாமா, என் மாமனார், முப்பது வருடம் ஹோட்டல் அறைகளைச் சோதித்தவர். கதவின் மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அதற்கு முந்தைய முறை வந்தபோது கூரையை அண்ணாந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். அன்று அவளுக்கு வேலை நாள். அவள் சிலந்திகளைத் தொடவே விடமாட்டாள். "அதுங்க பாட்டுக்கு இருக்கு. வாடகைக்குப் பதிலா கொசு புடிக்குது. நீங்க என்ன புடிச்சீங்க?" என்பாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கிய நெடுங்காலனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். "எங்கப்பாவுக்கு ரெண்டு மாப்பிள்ளை. ஒருத்தர் மூலையில சும்மா தொங்கறார். இன்னொருத்தர் சோபாவுல."

அன்று மாலை அவள் வந்தபோது வீடு மருந்து கலந்த மண்ணெண்ணெய் வாடை அடித்தது. மாப்பிள்ளை குளியலறைத் தரையில் எட்டுக் காலையும் மடித்துக்கொண்டு ஒரு நூல் உருண்டைபோலக் கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"அவன் உங்களை என்ன பண்ணான்?"

"உங்கப்பா வர்றாருல்ல."

"எங்கப்பாவுக்குப் பயந்து கொலையா? பரவாயில்ல, வீரன்தான்."

சிரித்தாள். காகிதத்தில் எடுத்து வெளியே போட்டாள். இருவரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. பேச நாளும் இல்லை.

அதன் பிறகு வீட்டில் நான் ஒட்டடை அடிக்கவில்லை. மூன்று மாதத்தில் சிலந்திகள் திரும்பி வந்தன. எங்கிருந்து வருகின்றன என்று தெரியாது. சிலந்திக் குஞ்சுகள் ஒரு நூலை விட்டுக் காற்றில் பறக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். முதலில் குளியலறை. பிறகு கூடம். பிறகு வாண்டு தூங்கும் அறை.

வாண்டு என் மகள். நாலரை வயது.

இந்த வருட மழை தொடங்கிய வியாழக்கிழமை மாமா வந்தார். அவள் போன பிறகு இரண்டாவது முறை. கதவின் மேல் விளிம்பைத் தொடக்கூட இல்லை. வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள்ளை, இது வீடா, இல்ல வலை விக்கிற கடையா?"

"உள்ள வாங்க மாமா."

"எப்படி வர்றது? குனிஞ்சா, தவழ்ந்தா?"

வாண்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "தாத்தா, அந்த மூலையில ஒரு அம்மா இருக்கு. முட்டைய எல்லாம் வாயிலயே வச்சிருக்கு. முழுங்காது. பசிச்சாக்கூட முழுங்காது."

மாமா அந்த மூலையைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே மூன்று சிவப்புத் தடிப்புகள்.

"இது என்ன?"

"கொசு."

"கொசு சார் வீட்டுலயே கொசுவா?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

அன்று சாப்பிட்ட பிறகு என்னை உட்காரச் சொன்னார். நாற்காலியைத் துடைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"பாருங்க மாப்பிள்ளை. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. அவ போயி வருஷமாகப் போகுது. நீங்க வேலைக்குப் போறீங்க, வர்றீங்க, சரி. ஆனா இந்த வீட்டப் பாத்தா ஆளு இருக்கற வீடு மாதிரி இல்ல. ஞாயித்துக்கிழம வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள இந்த ஒட்டடைய எல்லாம் அடிங்க. அடிச்சா நான் தனியாப் போறேன். இல்லன்னா வாண்டு எங்கூட வருவா. அங்க அவ பாட்டி இருக்கா, பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு."

"ஒட்டடைக்கா இவ்வளவு?"

"ஒட்டடைக்கு இல்ல. அதக்கூட உங்களால அடிக்க முடியலன்னா, அவளுக்கு உடம்பு முடியாமப் போனா யாரு பாக்கறது?"

நியாயம்தான். ஒரு மணி நேர வேலை. ஒட்டடைக் கம்பு கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை மாலை கம்பைக் கையில் எடுத்தேன். கூடத்து மூலையில் நின்றேன். முட்டையை வாயில் வைத்திருக்கும் சிலந்தி என் மூச்சுக்காற்றில் ஆடியது. கணக்குப் போட்டேன். நெடுங்கால் சிலந்தி ஒன்று நாளைக்கு இரண்டு கொசு பிடித்தால் அதிகம். வீட்டில் இருபது சிலந்தி. வெளியே சாக்கடையில், கூரைத் தண்ணீரில், டயருக்குள் லட்சம் கொசு. கணக்கு எந்தப் பக்கமும் தேறாது. அவளுக்கு டெங்கு தந்த கொசு பேருந்தில் கடித்திருக்கலாம். பல் மருத்துவமனை மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கடித்திருக்கலாம். குளியலறையிலும் கடித்திருக்கலாம், மாப்பிள்ளை தொங்கிய இடத்துக்கு அரை அடி தள்ளி. இதில் மூன்றாவது மட்டும் எனக்குப் படமாகத் தெரிகிறது.

வாண்டு கதவருகே வந்து நின்றாள்.

"அப்பா, அடிக்கப் போறியா?"

"ம்."

"நான் தாத்தா வீட்டுக்குப் போகணுமா?"

"அடிச்சா போக வேண்டாம்."

அவள் யோசித்தாள். கம்பையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அடி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் கம்பைச் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை விழித்தபோது மாமா ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தார். தலையில் துண்டு, மூக்கில் கைக்குட்டை. கூடத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டிருந்தார். வாண்டுவின் பை கட்டி வாசலில் இருந்தது.

"பைய கட்டிட்டீங்களா?"

"நீங்க அடிக்கல இல்ல? பேச்சு பேச்சுதான். அவ வர்றா. ஆனா இத இப்படியே விட்டுட்டுப் போக என் மனசு ஒப்பல. நானே அடிச்சிடறேன்."

"மாமா, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"இறங்குங்க. அதுல முட்டை இருக்கு."

"மாப்பிள்ளை." அவர் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

அப்போது சொன்னேன். ஸ்டூலில் நின்றபடியே கேட்டார். மருந்து, சோதனை, எழுபத்தொன்று, கேன், சனிக்கிழமை. கொசு சாகாது என்று தெரிந்தே அடித்தது. கொசு பிடிப்பவை மட்டும் செத்தது. பதினேழு நாள். நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஒரு வருடமாகத் தொண்டையில் இருந்தது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

எதற்காக அடித்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் இறங்கி வந்தார். கைக்குட்டையை அவிழ்த்தார்.

"அது என்னைக்கு? எந்தச் சனிக்கிழம?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் வந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின நாளா?"

"மாமா, கொசு எங்க கடிச்சதுன்னு யாருக்கும் தெரியாது."

"நான் அத கேக்கல."

"ஆமா. முந்தின நாள்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூரையைப் பார்த்து, "பரவாயில்ல, இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் இருந்திருக்க வேண்டும். வலது கையின் ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார், அதில் தூசி இருப்பதுபோல.

பிறகு எழுந்தார். கம்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எதுல உயிர் இருக்கு, எதுல இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"உயிர் இருக்கறத விட்டுடுங்க. காலியா இருக்கறத மட்டும் எடுங்க. நான் பின்னாலயே வர்றேன்."

சிலந்தி இருக்கும் வலை சுத்தமாக இருக்கும். தூசி படிந்து கறுத்துத் தொங்குவது, சிலந்தி விட்டுப்போன பழைய நூல். அதில் கொசு சிக்காது. இது எனக்கு எப்போதும் தெரியும். அறை அறையாகப் போனேன். இது காலி. இது காலி. இதுவும் காலி. சமையலறையில் ஒன்பதில் எட்டு காலி. நான் ஒரு வருடம் காவல் காத்தது பெரும்பாலும் தூசியை. மாமா முறத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

கடைசியாக வாண்டுவின் அறை. அவள் தலைமாட்டில் ஜன்னல். ஜன்னலுக்குத் திரை. அந்தத் திரை அவள் அம்மா தைத்தது, நான் விலக்குவதில்லை. திரைக்குப் பின்னால் மணி பிளான்ட் செடி ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும்போது கண்ணாடியில் இலைகள் தெரியும். யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

மாமா திரையை விலக்கினார்.

பழச்சாறு பாட்டில் ஒன்று. அகலமான வாய். அதில் செடியின் தண்டு. வேர் பாட்டில் நிறையச் சுருண்டிருந்தது.

"மாப்பிள்ளை, தண்ணில என்னமோ நெளியுது."

குனிந்தேன். குனியாமலே தெரிந்தது. தினமும் இருபது வீட்டில் நான் தேடுவது. தலைகீழாகத் தொங்கும் புழுக்கள், முப்பதுக்குக் குறையாது. காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுக்கள் ஏழு. இன்னும் ஒன்றிரண்டு நாளில் கொசு. இதை வேறொருவர் வீட்டில் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு மனப்பாடம். குழந்தை தூங்குற ரூம்ல இத எப்படிங்க பாக்காம இருந்தீங்க?

"அது அம்மா செடி" என்றாள் வாண்டு, என் இடுப்புக்குப் பின்னாலிருந்து. "தினமும் நான் குடிச்சது போக மீதித் தண்ணிய ஊத்துவேன். அம்மா சொல்லியிருக்கா."

மனைவி அதை எப்போது வைத்தாள் என்று நினைவில்லை. காய்ச்சலுக்கு முன்பாகத்தான் வைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் நான் மருந்தடித்த சனிக்கிழமையும் இந்தப் பாட்டில் இங்கேதான் இருந்தது. அதற்கு மேல் அந்த யோசனையை ஓட விடவில்லை.

அப்போதுதான் வலையைப் பார்த்தேன். பாட்டிலின் வாயிலிருந்து ஜன்னல் கம்பிக்கு, கம்பியிலிருந்து திரையின் கொக்கிக்கு, ஒழுங்கில்லாமல் நூல்கள். தூசி இல்லாத நூல்கள். நடுவில் நெடுங்காலன் ஒன்று தலைகீழாக. தண்ணீரிலிருந்து கொசுவாகி எழும்புவது எதுவாக இருந்தாலும் இதைத் தாண்டித்தான் வாண்டுவிடம் வர வேண்டும். ஜன்னல் திட்டில், வலைக்கு நேர் கீழே, சாம்பல்போல ஒரு சின்னக் குவியல். விரலால் தொட்டேன். கொசுக் கால்கள். கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட கால்கள். உறிஞ்சிவிட்டு எறிந்த கூடுகள். நாற்பது வரை எண்ணினேன். குவியல் குறையவில்லை. நிறுத்தினேன்.

"இது எல்லாம் அது புடிச்சதா?" என்றார் மாமா.

"ஆமா."

"அப்ப அந்த மூணு கடி?"

"தப்பிச்சு வந்தது."

மாமா கம்பை என் கையிலிருந்து வாங்கி, மெதுவாக, சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

பாட்டிலைக் கீழ்ப்பக்கம் பிடித்து, நூல் அறாத அளவுக்குச் சாய்த்து, ஒரு குழாயை விட்டுத் தண்ணீரை வாளிக்கு இறக்கினேன். கடைசிச் சொட்டு வரை. பிறகு மழைக்கு இடையில் அடித்த வெயிலில் வாளியைச் சிமெண்ட் தரையில் கொட்டினேன். எல்லாம் துடித்து அடங்கின. திரும்பி வந்தபோது மாமா வாசலில் இருந்த பையை எடுத்துவந்து கட்டில் மேல் வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னத மறந்துடுங்க மாப்பிள்ளை. அவ இங்கயே இருக்கட்டும். எனக்குப் பேச வாய் இல்ல."

"இல்ல மாமா. கூட்டிட்டுப் போங்க."

"என்னாலதான் மருந்து அடிச்சீங்க. நானே வந்து புள்ளையவும் எடுத்துட்டுப் போகணுமா?"

"உங்களால இல்ல."

"அப்ப உங்களுக்கு நீங்களே தண்டனை குடுக்கறீங்களா?"

"தண்டனை இல்ல. தலைமாட்டுல இருந்தது, நான் பாக்கல. இத்தன மாசமா இந்த ரூம்ல இவளப் பாத்துக்கிட்டது அந்தச் சிலந்திதான், நான் இல்ல. மழை நிக்கட்டும். நான் இந்த வீட்ட ஒரு தடவ முழுசாப் பாக்கறேன். திரை, அலமாரி, அவ பெட்டி, எல்லாம். அதுவரைக்கும்."

அவர் அவிழ்த்த முடிச்சை மறுபடி போடப் பார்த்தார். முடிச்சு நிற்கவில்லை. நான் போட்டேன்.

வாண்டு அழவில்லை. செடியில் ஒரு துண்டு வேண்டும் என்றாள். வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"தாத்தா வீட்டுல மண்ணுல வை. தண்ணில வேண்டாம்."

"அம்மா தண்ணில வச்சா."

"தெரியும். நீ மண்ணுல வை."

"அது?" ஜன்னலைக் காட்டினாள். "தண்ணி இல்லன்னா கொசு வராது. கொசு வரலன்னா அது என்ன சாப்பிடும்?"

நாலரை வயது. எனக்கு அது தோன்றவில்லை.

"நான் பாத்துக்கறேன்."

"நிஜமா பாப்பியா?"

"பாப்பேன்."

மாமா வாசலில் செருப்பைப் போடும்போது என் தோளைப் பிடித்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். செருப்பு போடத்தான் பிடித்திருக்கிறார். போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஆண் கொசுக்களைப் பிரித்தேன். வழக்கமாகக் கொன்று கொட்டுவதில் ஆறை ஒரு சின்னக் குழாயில் விட்டுப் பஞ்சு அடைத்தேன். ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை பார்த்தேன். மீசை இருக்கிறதா. ஆறுக்கும் இருந்தது. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"கொசு சார், வீட்டுக்குப் பார்சலா?"

"ஆமா சார்."

"ஊர்ல எல்லாரும் கொசுவ வெளிய தொரத்தறான். நீ டிபன் பாக்ஸ்ல கொண்டு போற." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பஞ்சு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் அவரே ஒருமுறை அழுத்திப் பார்த்துக் கொடுத்தார்.

வீட்டில் திரையை முழுக்க விலக்கினேன். குழாயை வலைக்கு அடியில் பிடித்துப் பஞ்சை எடுத்தேன். முதல் கொசு வெளிச்சத்தை நோக்கி எழுந்து நூலில் ஒட்டியது. நெடுங்காலன் அசையவில்லை. பிறகு வலை முழுவதும் நடுங்கியது. அது இறங்கி வந்து பின்னங்கால்களால் கொசுவைச் சுற்றத் தொடங்கியது, அவசரமில்லாமல்.

ஃபோன் அடித்தது. மாமாவின் எண். பேசியது வாண்டு. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை.

"அது சாப்பிட்டுச்சா?"

"ஒண்ணு சாப்பிடுது. இன்னும் அஞ்சு இருக்கு."

"மழை நின்னுச்சா?"

வெளியே பார்த்தேன்.

"இல்ல. இன்னும் பெய்யுது."